கட்டில்கள் எழும்பிய கோடை

உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் கட்டில்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கிய அந்தக் கோடையில், முதலில் எழும்பியது முத்துக்கிளியின் கட்டில்தான் என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

முத்துக்கிளி உப்பு வாரியவள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, இடுப்பெலும்பில் கட்டி வந்து விழுந்த நாள் வரைக்கும், வெயிலில் வெளுத்த வரப்புகளின்மேல் தலைச்சுமையோடு நடந்தவள். பாத்தியில் இறங்கினால் உப்பு கீறிய புண்ணில் உப்பே போய் உட்காரும். அதற்கு முகம் சுளித்தால் அங்கே கங்காணி பார்ப்பார், வீட்டில் சுளித்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள், ஆகவே முகம் சுளிப்பதையே அவள் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். புருஷன் இறந்துவிட்டார், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், வேன் ஓட்டும் தம்பி ஒருவன் மட்டும் வந்து வந்து பார்த்துப் போனான். ஆபரேஷனுக்கு அடங்காத கட்டி இது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளை எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். வார்டு சிஸ்டர் மரிய புஷ்பம் காலைதோறும் கட்டில் கட்டிலாக நின்று, வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்பாள். எங்கள் ஊர் ஆண்கள் பத்துக்குப் பன்னிரண்டு என்றார்கள். பெண்கள் பக்கத்தில் நிற்கும் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு என்றார்கள். ஒரு பெரியவர் இது ஏதோ பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, பாஸாக எவ்வளவு வேண்டும் என்று விசாரித்தார். முத்துக்கிளியோ எந்த எண்ணும் சொல்வதில்லை. எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர், அடுத்த ஆளைப் பாருங்கள் என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்படிச் சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோது, கட்டிலின் நான்கு கால்களும் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தன. சத்தம் ஒன்றும் இல்லை. அடியில் கிடந்த வாளியின்மேலும் செருப்பின்மேலும் வெயில் விழுந்தது, அவ்வளவுதான். வார்டைப் பெருக்க வந்த பெண், இத்தனை காலமும் எட்டாமல் இருந்த மூலை இன்றைக்காவது எட்டியதே என்று சொல்லி, துடைப்பத்தை உள்ளே விட்டுப் பெருக்கிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் கட்டிலின் கால்கள் ஜன்னல் திட்டு உயரத்துக்கு வந்துவிட்டன. டாக்டர் நூஹுத் தம்பி ரவுண்ட்ஸ் வந்தபோது முத்துக்கிளியின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்ததால், அவர் குனியாமலே நாடி பிடித்துப் பார்த்து, குனியாமலே கண் இமையை விலக்கிப் பார்த்து, மார்ஃபின் ஊசி போடச் சொன்னார். புஷ்பம் ஸ்டூல்மேல் ஏறி நின்று போட்டாள். கொஞ்ச நேரத்தில், அலை வடிந்ததும் வள்ளம் மணலில் உட்காருவதுபோல, கட்டில் ஆடாமல் அசையாமல் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. இவ்வளவு வலியை வைத்துக்கொண்டா ஒன்றுமில்லை என்றீர்கள் என்று புஷ்பம் கேட்டாள். மாராப்பு விலகியிருந்ததை யாரோ பார்த்துவிட்டதுபோல, முத்துக்கிளி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கட்டில்களும் எழும்பின. குடல் வால் எடுத்தவர்களின் கட்டில்கள் காலையில் எழும்பி மாலையில் இறங்கின, எலும்பு முறிந்தவர்களின் கட்டில்கள் அவர்கள் தும்மும்போது துள்ளின, சிறுநீரகக் கல்காரர் ஒருவரின் கட்டில் ஒரே மூச்சில் உத்தரம்வரை போய், கல் விழுந்த கணத்தில் தடாலென்று இறங்கியதில் கீழே யாரோ வைத்திருந்த கூஜா நசுங்கியது. பழைய காலத்துக் கட்டடம், கூரை ரொம்ப உயரம். பெண்கள் வார்டும் ஆண்கள் வார்டும் ஒரே நீளக் கூடத்தின் இரண்டு பாதிகள், நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும் தொங்கும். பொதுப்பணித் துறைக்காரர்கள் வந்து பார்த்து, கட்டடத்தில் கோளாறு இல்லை என்று சொல்லி, முன்ஜாக்கிரதையாக மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆகவே பார்க்க வருகிறவர்கள் பனையோலை விசிறியோடு வந்தார்கள். உயரத்தில் இருப்பவர்களுக்கு விசிற வேண்டுமே என்று விசிறியின் காம்பில் மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டார்கள். துறைமுகத்திலிருந்து பழைய வடம் வந்தது. காற்றில் கட்டில் நகர்ந்து பக்கத்துக் கட்டிலில் மோதாமல் இருக்க, வார்டு பணியாளர்கள் ஒவ்வொன்றையும் ஜன்னல் கம்பியில் படகுபோல முடிச்சிட்டுக் கட்டினார்கள். தச்சர் ஒருவர் சாய்வு ஏணிகள் செய்து கொடுத்தார். காலையில் இட்லிப் பொட்டலங்களைக் கூடையில் வைத்துக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வதும், வெறும் கூடையைக் கீழே இறக்குவதும் எங்களுக்குச் சீக்கிரத்திலேயே பழகிப்போனது.

ஊருக்குள்ளும் அது நல்லதையே செய்தது. மீன் ஏலக்காரர் வீட்டு மருமகள் மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதை நடிப்பு என்று சொல்லிவந்த மாமியார், அதை நிரூபித்துவிடுவதற்காகவே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து ஒரு காலிக் கட்டிலில் படுக்கச் சொன்னார். கட்டில் போனது, போனது, மருமகளின் கைக்கு உத்தரத்துத் தூசி எட்டும்வரை போனது. மாமியார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே வெகுநேரம் இருந்தார். பிறகு வெளியே போய்ப் பனங்கற்கண்டு போட்ட பால் வாங்கிவந்து, தாமே ஏணியில் ஏறிக் கொடுத்தார். இப்படி எத்தனையோ வீடுகளில், எத்தனையோ வருஷத்து வழக்குகளைக் கட்டில்கள் வாயே திறக்காமல் தீர்த்துவைத்தன.

டாக்டர் நூஹுத் தம்பி நல்ல மனிதர், ஆனால் இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டிய வேலையைத் தனியாகப் பார்த்தவர். கட்டில்கள் அவருடைய பாரத்தைக் குறைத்தன. பெயிண்டரைக் கூப்பிட்டு வார்டுச் சுவரில் ஆற்றங்கரையில் வெள்ள அளவு குறிப்பதுபோலக் கோடுகள் போடச் சொன்னார். நீலக் கோட்டுக்குக் கீழே என்றால் மாத்திரை, மேலே என்றால் ஊசி, சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மார்ஃபின். இனி யாரும் யாரையும் எண் கேட்க வேண்டியதில்லை. புஷ்பம் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரையும் கட்டிலையும் பார்த்துப் பார்த்து நடந்தாள், பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள், கட்டில்கள் ஒவ்வொன்றாக இறங்கின, வார்டில் முனகல் குறைந்தது, பேச்சும் குறைந்தது. கடல்காற்று ஜன்னல் வழியே வந்து கட்டில்களை மெல்ல ஆட்டும்போது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளைப்போல எல்லோரும் கண்மூடிக் கிடப்பார்கள். அவ்வளவு அமைதியான ஆஸ்பத்திரியை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த அமைதிக்குள்தான் சுடலைமுத்துவைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் உப்பு லாரி ஓட்டியவர். பைபாஸ் ரோட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்த ஆட்டோ ஒன்று குறுக்கே வந்துவிட, அவர் பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்ததில், ஆட்டோ தப்பிப் போய்விட்டது, லாரி வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. நசுங்கிய வலது காலைப் பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டுத் தையல் ஆறியபின் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். தையல் நன்றாகவே ஆறியிருந்தது. ஆனால் அவர் வலிக்கிறது என்று கத்தினார். எங்கே என்று கேட்டால், பாதத்தில் என்றார். எந்தப் பாதத்தில் என்றால், எடுத்துவிட்டார்களே அந்தப் பாதத்தில் என்றார்.

அவருடைய கட்டில் எழும்பவில்லை. ஒரு விரல்கடைகூட எழும்பவில்லை.

முதல் நாள் எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு கட்டிலுக்கு மாற்றிப் பார்த்தார்கள்; அவர் எழுந்துபோன கட்டிலில் வேறொருவர் படுத்ததும் அது ஒழுங்காக எழும்பியது, அவர் படுத்த புதுக் கட்டில் தரையோடு ஒட்டிக்கொண்டது. நீலக் கோட்டுக்குக் கீழே இருந்ததால் அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவர் மறுபடி கத்தினார். மேலே இருந்தவர்கள் கீழே எட்டிப் பார்த்து, தரையில் கிடக்கிற உமக்கே இப்படியென்றால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். பார்க்க வந்தவர்கள் அவர் கட்டில் காலையும் தரையையும் குனிந்து பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். நஷ்ட ஈட்டுக்கு நடிக்கிறார் என்று டீக்கடைவரை பேச்சுப் போனது. அவர் மனைவி சண்முகக்கனி, இட்லிக் கூடையை யாருக்கும் மேலே அனுப்பத் தேவையில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில் கூசிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அவர் காதருகே குனிந்து, நாலு பேர் பார்க்கிறார்கள், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்றோடு கத்துவதை நிறுத்திவிட்டார். போர்வையின் ஓரத்தைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவர் அடங்கியதைக் கண்டு, அப்போதே சொன்னோம் பார்த்தீர்களா என்றார்கள்.

அந்த வாரத்தில் முத்துக்கிளியின் கட்டி பெருத்திருந்தது. மருந்து வேலை செய்யும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவளுடைய கட்டில் சிவப்புக் கோட்டுக்கு மேலே, பச்சைத் திரையின் கம்பிக்கும் மேலே மிதந்தது. ஒரு பிற்பகலில் புஷ்பம் ஏணியில் ஏறிப்போய் ஊசி போடக் கையைத் துடைத்தபோது, முத்துக்கிளி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், திரைக்கு அங்கிட்டு ஒருத்தர் கெடக்காரே, லாரிக்காரர். அவருக்கு வலிக்கி."

அவர் கட்டில் தரையில்தானே அம்மா இருக்கிறது என்றாள் புஷ்பம்.

"கட்டில் கெடக்கட்டும். நான் மேல இருந்து அவர் மூஞ்சியப் பாத்துட்டே இருக்கேன். யாரும் பாக்கலன்னு நெனைக்கும்போது மனுசருக்கு ஒரு மூஞ்சி வரும்லா. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும் சிஸ்டர். நானும் அதைத்தான் வச்சிருந்தேன்."

புஷ்பம் ஏணியில் நின்றபடியே திரைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். மேலேயிருந்து பார்க்கும்போது தலைகளும் நெற்றிகளும் திறந்த கண்களும் தெரிந்தன. சுடலைமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தலையணை வியர்வையில் நனைந்து தலையைச் சுற்றி ஒரு நிழல்போலப் படிந்திருந்தது. இந்தக் கோடை முழுவதும் தான் சுவரையும் கட்டில் கால்களையும் மட்டுமே பார்த்து நடந்திருப்பது அவளுக்கு உறைத்தது. கடைசியாக யாரிடம் என்ன செய்கிறது என்று கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. ஊசி போட்டு, முத்துக்கிளியின் கட்டில் இறங்கும்போது தானும் ஏணியில் அதோடு கூடவே ஒவ்வொரு படியாக இறங்கி, நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கட்டில் எழும்பாதபோது எந்தக் கோட்டைப் பார்த்து மருந்து எழுதுவது என்று கேட்டார்.

"கட்டில்கிட்டதான் சார் இத்தன நாளும் கேட்டுக்கிட்டு இருந்தோம்," என்றாள் புஷ்பம். "அவர்கிட்ட நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

படிக்கிற காலத்தில், எடுத்துவிட்ட கைகால்களில் வலி தங்கிவிடுவதைப் பற்றி ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசியதும், மழை பெய்துகொண்டிருந்த அந்த வகுப்பில் தான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதும் டாக்டருக்கு ஞாபகம் வந்தது. தெரியாத விஷயம் இல்லை. கோடுகள் வந்த பிறகு தெரிந்தது தேவைப்படாமல் போயிருந்தது. அவர் எழுந்து வார்டுக்குப் போய், ஸ்டூலை இழுத்துச் சுடலைமுத்துவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்து, எப்படி வலிக்கிறது என்று கேட்டார்.

சுடலைமுத்து வாயிலிருந்த போர்வையை எடுக்கவில்லை. டாக்டர் மறுபடி கேட்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. மேலே மிதந்தவர்கள் கட்டில் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அவர் போர்வையை விடுவித்தார்.

"பிரேக்க மிதிச்ச கால் மிதிச்சபடியே இருக்கு சார். எடுக்க முடியல. பெருவெரல் மடங்கிட்டு, கெண்டக்கால் இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கி. நான் இன்னும் மிதிச்சிக்கிட்டேதான் இருக்கேன்."

காற்றில் வடங்கள் ஜன்னல் கம்பியில் உரசுவது மட்டும் கேட்டது. சண்முகக்கனி கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்தாள்.

டாக்டர் நரம்பு வலிக்கான மாத்திரையும் தசைப்பிடிப்புக்கான மருந்தும் எழுதினார். பிறகு வார்டு பணியாளரைக் கூப்பிட்டு, தெருவின் எதிர்த்த வரிசையில் இருக்கும் சலூனிலிருந்து ஒரு நீளக் கண்ணாடியை இரவலாக வாங்கிவரச் சொன்னார். சலூன்காரர் பாதிச் சவரத்தில் இருந்தவரைத் துண்டோடு உட்காரவைத்துவிட்டு, கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றித் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் நுரையோடு அந்த வாடிக்கையாளரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். சுடலைமுத்துவைச் சாய்த்து உட்காரவைத்து, இடது காலை ஒட்டி, இரண்டு தொடைகளுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார்கள். வலது பக்கம் இருந்த வெறும் மெத்தை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துபோக, அந்த இடத்தில் இடது காலின் பிம்பம் வந்து வலது காலாக நீண்டு கிடந்தது. முடி இருந்தது, முட்டியில் பழைய தழும்பு இருந்தது, நகம் வெட்டாத ஐந்து விரல்கள் இருந்தன. சுடலைமுத்து அதைப் பார்த்தார். தொலைதூரம் போயிருந்த ஒருவரை வாசலில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இடது பாதத்தை மெல்ல மேலே தூக்குங்கள், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் என்றார் டாக்டர். பாதம் அசையவில்லை. இருக்கிற காலும் இல்லாத காலோடு சேர்ந்து விறைத்துப் போயிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. பிள்ளைகள் இருக்காங்க, பிள்ளைகள் இருக்காங்க என்று உதடு மட்டும் அசைந்தது. காலை எடுத்தால் லாரி போய் ஆட்டோவில் ஏறிவிடும் என்று அவர் பயப்படுவதை எங்களில் முதலில் புரிந்துகொண்டவள் சண்முகக்கனிதான். அவள் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால், கால் இல்லாத இடத்தில், பாதம் இருந்திருக்கக்கூடிய இடத்தை நிதானித்து, வெறும் மெத்தையின்மேல் இரண்டு கைகளையும் குவித்து வைத்தாள். புருஷன் லாரியை விட்டு இறங்கிவரும் மாலைகளில் காலை மடியில் வைத்து அழுத்திவிட்ட கைகள் அவை. அதே அழுத்தத்தோடு அந்த வெற்றிடத்தை அழுத்தத் தொடங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் சுடலைமுத்து, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கையை நகர்த்தினாள்.

"அங்கதான்."

"வண்டி நின்னுட்டு," என்றாள் சண்முகக்கனி. "ஆட்டோ அந்தாக்குல போயிட்டு. பிள்ளையெல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. காலை எடுங்க."

அவர் மூச்சை இழுத்து நிறுத்தினார். கண்ணாடியில் பெருவிரல் முதலில் அசைந்தது, அப்புறம் மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, அப்புறம் பாதம் முழுவதும், கனமான ஒன்றிலிருந்து கழன்றுகொள்வதுபோல, மெதுவாகப் பின்னால் வந்தது. "எடுத்துட்டேன்," என்றார். பிறகு அழுதார். சண்முகக்கனி அழுத்துவதை நிறுத்தவில்லை. அவளும் அழுதுகொண்டேதான் அழுத்தினாள். முன்பு ஒருநாள் அவர் காதோடு தான் சொன்னதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் அப்படியே உறங்கிப்போனார். கட்டில் எப்போதும்போலத் தரையில் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

வலி அன்றோடு போய்விடவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தது, மறுநாளும் வந்தது. கண்ணாடியும் மாத்திரையும் சண்முகக்கனியின் கைகளும் சேர்ந்து அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றின. சலூன்காரர் வேறு கண்ணாடி வாங்கிக்கொண்டார். சுடலைமுத்து ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போகும்போது, மேலேயிருந்து சிரித்தவர்களில் ஒருவர் தம் கட்டில் இறங்கும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லி, இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புஷ்பம் மறுபடி கட்டில் கட்டிலாக நின்று கேட்கத் தொடங்கினாள். எண் மட்டும் கேட்கவில்லை. எங்கே, எப்படி, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, தூங்கினீர்களா, என்ன நினைத்துக்கொண்டு விழித்திருந்தீர்கள் என்றெல்லாம் கேட்டாள். அதற்கு நேரம் பிடித்தது. மத்தியானச் சாப்பாடு தாமதமானது, டாக்டரின் ரவுண்ட்ஸ் சாயங்காலம்வரை இழுத்தது, பார்க்க வருகிறவர்களும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்கப் பழகினார்கள், கேட்கப்பட்டவர்கள் சொல்லப் பழகினார்கள். ஒருவர் தம் வலி துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல இருக்கிறது என்றார், இன்னொருத்தி பிள்ளை வயிற்றில் உதைப்பதுபோல என்றாள், வார்டு மறுபடி சந்தைபோல இரைந்தது. ஐப்பசியில் மழை பிடித்து உப்பளங்கள் மூழ்கி, வேலையில்லாத ஜனங்கள் ஆஸ்பத்திரியிலேயே பொழுதைக் கழித்த அந்த வாரங்களில் எப்போதோ, கட்டில்கள் எழும்புவது நின்றுபோனது. எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. ஏணிகளில் துணி காய்வதைப் பார்த்து டாக்டர்தான் முதலில் கேட்டார், கட்டில்கள் எழும்பி எவ்வளவு நாளாயிற்று என்று.

முத்துக்கிளி வீட்டுக்குப் போக விரும்பினாள். மகன் திருப்பூரிலிருந்து வந்து வீட்டைக் கூட்டிப் படுக்கை போட்டுவைத்திருந்தான். வாயில் ஊற்றிக்கொள்ளும் மார்ஃபினைக் கொடுத்தனுப்பலாம் என்றும், வாரத்துக்கு ஒருமுறை தானே வந்து பார்ப்பதாகவும் டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி வேனை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மழைக்கு அதன் துடைப்பான் ஆடிக்கொண்டிருந்தது. மருந்து எவ்வளவு என்று கடைசியாக ஒருமுறை சரிபார்க்க, புஷ்பம் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டிலின் கால்கள் தரையில் இருந்தன. சுவரில் கோடுகளின்மேல் வெள்ளையடித்திருந்தார்கள். என்ன செய்கிறது அம்மா என்று புஷ்பம் கேட்டாள்.

முத்துக்கிளி யோசித்தாள். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். புருவங்கள் நெருங்கின, கன்னம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, அவள் முகம் எல்லோரும் பார்க்கச் சுளித்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"உக்காருங்க சிஸ்டர்," என்றாள். "சொல்லி முடிக்க நேரமாகும். மொதல்ல இடுப்புல இருந்து ஆரம்பிக்கேன்."

புஷ்பம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே, ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, வேனின் என்ஜினை அணைத்தான்.